மூன்று பிளாட்டினக் குப்பிகள்: ஒரு வடிவமைப்பாளரின் மதிப்பீடு

ஒரு மருந்தைப் பற்றி மதிப்பீடு எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை எடுத்துக்கொண்டவர்களாகவோ பரிந்துரைத்தவர்களாகவோ இருப்பார்கள். நான் அவ்விரு வகையிலும் சேராதவன். புற்றுநோய்க்கு எதிராகச் செயல்படக்கூடிய உலோக அணைவுச் சேர்மங்களை (நடுவில் ஓர் உலோக அணுவும் அதைச் சுற்றிப் பிற அணுக்களோ மூலக்கூறுகளோ பிணைந்தும் இருப்பவற்றை) வடிவமைப்பதும், தயாரிப்பதும், அவற்றில் பெரும்பாலானவை சோதனையில் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுமே என் தொழில். இந்தத் துறையில் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு சேர்மமும் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் என்னும் மூன்று பழைய மருந்துகளின் பக்கத்தில் நிறுத்தியே அளக்கப்படுகிறது. அளவுகோலாக இருப்பவற்றையே ஒருமுறை அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு இங்கே விடை தேட வேண்டாம்; அது மருத்துவரின் முடிவு. இந்த மூன்றும் வடிவமைப்பு என்ற அளவில் எப்படித் தேறுகின்றன என்பது மட்டுமே என் விசாரணை.

மூன்று குப்பிகளிலும் இருப்பது ஒரே உலோகம். ஒரே ஆக்சிஜனேற்ற எண், ஒரே தளசதுர வடிவம், அதாவது பிணைப்புகள் ஒரே தளத்தில் சதுரமாக அமைந்த வடிவம். நடுவில் உள்ள பிளாட்டினம் அணுவை நான்கு பிணைப்புகள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றில் இரண்டை அது வழியில் கைவிடும். மற்ற இரண்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். எதைக் கைவிடுகிறது, எவ்வளவு நேரம் கழித்துக் கைவிடுகிறது, எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. குப்பியில் அடைத்து விற்கப்படும் பொருள் செல்லுக்குள் வேலை செய்யும் பொருள் அல்ல என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

முதலில் சிஸ்பிளாட்டின். மூன்றிலும் மூத்ததான இதை மருந்தாக வடிவமைத்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது. 1844இல் இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே இதைத் தயாரித்தபோது அது ஒரு மஞ்சள் உப்பு, அவ்வளவுதான். 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர், ஒரே வாய்பாடு கொண்ட இரண்டு பிளாட்டினச் சேர்மங்கள் வேறுவேறாக நடந்துகொள்வதை வைத்து, அணுக்கள் தளத்தில் சதுரமாக அமைந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதன் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது பாடப்புத்தகத்து உதாரணமாகவே இருந்தது. 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், செல் பிரியும்போது அதற்குள் தெரியும் கதிர் வடிவம் காந்தப்புலக் கோடுகளைப் போல இருக்கிறதே என்று எண்ணி, ஈ. கோலை பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் பிரியாமல், வழக்கமான நீளத்தைப்போல முந்நூறு மடங்கு வரை இழைகளாக நீண்டன. மின்சாரம் காரணமல்ல, மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம் கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து உருவாக்கிய சேர்மங்களே காரணம் என்று தெரிந்தது. அது 1965இல் வெளியாயிற்று. எலிகளில் கட்டிகளைக் கரைத்த முடிவுகள் 1969இல் வந்தன. 1978இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விந்தகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இதற்கு ஒப்புதல் தந்தது.

தற்செயலாகக் கிடைத்தது என்பதால் இதன் அமைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. பிளாட்டினத்தோடு இரண்டு அம்மோனியாக்கள் ஒரு பக்கத்திலும் இரண்டு குளோரைடுகள் எதிர்ப்பக்கத்திலும் இருக்கின்றன. இரத்தத்தில் குளோரைடின் செறிவு ஏறத்தாழ 100 மில்லிமோலார். செல்லுக்குள்ளோ அது 4 முதல் 20 மில்லிமோலார் வரைதான். வெளியே குளோரைடு மிகுந்திருப்பதால் மூலக்கூறு தன் குளோரைடுகளை எளிதில் இழப்பதில்லை. செல்லுக்குள் நுழைந்ததும், சுற்றிலும் குளோரைடு குறைந்துவிட்டதால், அவை விலகி அந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் வந்து உட்காருகின்றன. இந்த நீரேறிய, நேர்மின்னூட்டம் பெற்ற வடிவமே டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினின் ஏழாம் நைட்ரஜனைப் பற்றுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குவானின்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழையை வளைத்துவிடுகிறது. டிஎன்ஏவில் இந்த மருந்து ஏற்படுத்தும் பிணைப்புகளில் ஏறத்தாழ 65 சதவீதம் இந்த வகைதான். வளைந்த இழையைச் செல் படிக்க முடியாமலும் பழுதுபார்க்க முடியாமலும் போனால், தன்னையே அழித்துக்கொள்ளும் பாதையில் இறங்குகிறது.

குப்பியில் நிரப்பியிருக்கும் கரைசலையும் இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து 0.9 சதவீத உப்புக்கரைசலில் இருக்கிறது. அந்த உப்பு வெறும் கரைப்பான் பங்கை மட்டும் வகிக்கவில்லை. குளோரைடுகளைக் கழலவிடாமல் காக்கும் பூட்டாகவும் இருக்கிறது. வெறும் நீரில், உடல் வெப்பநிலையில், முதல் குளோரைடில் பாதி விலக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மருந்து படிகமாகப் பிரிந்து அடியில் தங்கும். வெளிச்சம் பட்டாலும் ஆகாது. அலுமினியம் கலந்த ஊசி பட்டால் வினைபுரிந்து பிளாட்டினம் வீழ்படிவாகும். பயன்படுத்துபவரிடம் இவ்வளவு கவனத்தைக் கேட்கும் பொருளை எளிதான பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குறைகள் கையாளும் சிரமத்தோடு நிற்பதில்லை. பிளாட்டினத்துக்கு நைட்ரஜனைவிடக் கந்தகத்தின் மீது மோகம் அதிகம். உடல் முழுவதும் கந்தகம் கொண்ட புரதங்கள் நிறைந்திருப்பதால், செலுத்தப்பட்ட பிளாட்டினத்தின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் இரத்தத்திலுள்ள ஆல்புமின் போன்ற புரதங்களிடம் சிக்கிக்கொள்கிறது. செல்லுக்குள் போனதும் கந்தகம் கொண்ட குளுட்டாத்தையோன், மெட்டலோதையோனின் ஆகியவற்றிடம் ஒரு பங்கு போகிறது. டிஎன்ஏவைச் சென்றடைவது மிகச் சிறிய பங்கே. சிறுநீரகத்தின் நுண்குழல்களில் உள்ள கடத்திப் புரதங்கள் இதை உள்ளிழுத்துக் குவிப்பதால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்ற வேண்டியிருக்கிறது. உட்செவியில் தங்கும் பிளாட்டினம் கேட்கும் திறனைக் குறைக்கிறது. அந்த இழப்பு பெரும்பாலும் நிரந்தரமானது. குழந்தைகளுக்கு இதைத் தடுக்க சோடியம் தயோசல்ஃபேட் 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதிலும் வேலை செய்வது கந்தகம்தான் என்பது ஒரு வேதியியலாளனுக்குச் சிறு மகிழ்ச்சி. வாந்தியைப் பொறுத்தவரை, 1990களில் ஒன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் வந்திராவிட்டால் இந்த மருந்து இன்று இந்த அளவு பயன்பாட்டில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இவ்வளவு குறைகளோடும் இதை முதல் வரிசையில் வைப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதை வின்பிளாஸ்டின், பிளியோமைசின் ஆகிய புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துப் பரவிய விந்தகப் புற்றுநோய்க்குக் கொடுக்கத் தொடங்கினார். அதுவரை பத்தில் ஒருவர் பிழைத்தாலே அதிகம் என்ற நிலையில் இருந்த அந்த நோய், அதன் பிறகு பத்தில் ஏழெட்டுப் பேர் குணமாகும் நோயாக மாறியது. பரவிய திடக்கட்டி ஒன்றை மருந்துகளால் முற்றாகக் குணப்படுத்தலாம் என்பதற்கு இன்றுவரை முதன்மையாகக் காட்டப்படும் சான்றுகளில் ஒன்று அது.

சிஸ்பிளாட்டினைக் கையால் தயாரித்துப் பார்த்த எவருக்கும் அதன் மீது தனிப் பிரியம் வந்துவிடும் என்பதால், இங்கே சற்று விலகிச் செல்ல அனுமதிக்க வேண்டும். 1970இல் தாரா என்ற வேதியியலாளர் வெளியிட்ட முறையில், பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட்டின் சிவப்புக் கரைசலோடு முதலில் அயோடைடைச் சேர்க்கிறோம். குளோரைடைவிட அயோடைடுக்குத் தனக்கு எதிர்முனையில் இருப்பதைத் தளர்த்தும் திறன் அதிகம். ஆகவே அடுத்து வரும் இரண்டு அம்மோனியாக்களும் அயோடைடுகளுக்கு எதிரே, அதாவது ஒன்றுக்கொன்று பக்கத்தில், உட்காருகின்றன. மஞ்சள் வீழ்படிவு கிடைக்கிறது. வெள்ளி நைட்ரேட் அயோடைடை அகற்ற, பொட்டாசியம் குளோரைடு அந்த இடத்தை நிரப்புகிறது. அம்மோனியாக்கள் எதிரெதிரே அமைந்துவிட்டால் கிடைப்பது டிரான்ஸ்பிளாட்டின். அதே அணுக்கள், அதே எடை, ஆனால் மருந்தாகப் பயனற்றது. கிடைத்தது எது என்று சந்தேகம் வந்தால் தயோயூரியாவைச் சேர்த்துப் பார்க்கும் குர்னகோவ் சோதனை இன்றும் கைகொடுக்கிறது: சிஸ் வடிவம் நான்கு இடத்தையும் தயோயூரியாவுக்கு விட்டுக்கொடுத்து மஞ்சளாகும், டிரான்ஸ் வடிவம் இரண்டை மட்டும் விட்டுக்கொடுத்து வெண்ணிறப் படிகமாகப் பிரியும்.

இரண்டாவது குப்பியான கார்போபிளாட்டின், முதலாவதைப் பற்றிய புகார்களுக்குப் பதிலாகவே உருவாக்கப்பட்டது. இலண்டனில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் ஜான்சன் மேத்தி நிறுவனமும் இணைந்து செய்த வேலை அது. அமெரிக்காவில் 1989இல் ஒப்புதல் பெற்றது. அம்மோனியாக்களில் கைவைக்காமல், இரண்டு குளோரைடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சைக்ளோபியூட்டேன் வளையத்தோடு கூடிய டைகார்பாக்சிலேட் ஒன்றை இரண்டு முனைகளிலும் கவ்வுமாறு வைத்தார்கள். ஒரு முனை கழன்றாலும் மறுமுனை பிடித்திருப்பதால், கழன்ற முனை மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. விளைவாக, இந்த மூலக்கூறு சிஸ்பிளாட்டினைவிடப் பன்மடங்கு மெதுவாகத் தன் பிடியை விடுகிறது. வழியில் புரதங்களிடம் சிக்குவது குறைகிறது. பெரும்பகுதி மாறாமலேயே ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. சிறுநீரகமும் செவியும் பெருமளவு தப்பிக்கின்றன. அதற்கு விலையாக எலும்பு மஜ்ஜை அடிபடுகிறது; இரத்தத் தட்டணுக்கள் குறைவதே இதன் அளவைக் கட்டுப்படுத்தும் காரணி.

இந்த மருந்தில் எனக்கு மிகவும் பிடித்தது மூலக்கூறைவிட அதன் அளவுக் கணக்கு. மருந்து ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை உடற்பரப்பைவிடச் சிறுநீரக வடிகட்டும் வேகமே நன்றாகச் சொல்லும் என்று ஆய்வாளர் கால்வர்ட்டும் அவருடைய சகாக்களும் 1989இல் காட்டினார்கள். இரத்தத்தில் எட்ட வேண்டிய மருந்து வெளிப்பாட்டின் அளவை, வடிகட்டும் வேகத்தோடு 25ஐக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கினால், கொடுக்க வேண்டிய மில்லிகிராம் கிடைத்துவிடும். மருந்தின் உடல்வழிப் பயணம் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால்தான் இத்தனை எளிய சூத்திரம் சாத்தியமாகிறது; சிஸ்பிளாட்டினுக்கு இப்படி ஒன்றை எழுத முடியாது.

ஆனாலும் வடிவமைப்பாளனாக எனக்கு இதில் மனக்குறை உண்டு. அம்மோனியாக்கள் மாறாததால் டிஎன்ஏவில் இது விட்டுச்செல்லும் தழும்பும் மாறவில்லை. சிஸ்பிளாட்டினுக்கு அசையாத கட்டி பெரும்பாலும் இதற்கும் அசைவதில்லை. சூலகப் புற்றுநோயில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன. விந்தகப் புற்றுநோயிலோ ஒப்பிட்டுச் செய்த மருத்துவச் சோதனைகளில் கார்போபிளாட்டின் பின்தங்கியது. விலகும் தொகுதியை மாற்றினால் பக்கவிளைவுகளின் முகவரி மாறும், மருந்தின் எல்லை விரியாது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் கற்பித்ததில்லை.

மூன்றாவதான ஆக்சாலிபிளாட்டின் எதிர்த்திசையில் யோசித்தது. நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி கிதானி 1970களில் கண்டறிந்த இந்தச் சேர்மத்தில், பிடித்துக்கொண்டிருக்கும் பக்கமே மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டு தனித்தனி அம்மோனியாக்களுக்குப் பதிலாக, சைக்ளோஹெக்சேன் வளையத்தோடு இணைந்த இரட்டை அமீன் ஒன்று பிளாட்டினத்தைக் கவ்வியிருக்கிறது. அதுவும் வலம், இடம் என்று ஆடிப் பிம்பங்களாக வரக்கூடிய வடிவங்களில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து. விலகும் பக்கத்தில் ஆக்சலேட் இருக்கிறது. டிஎன்ஏவில் ஒட்டிய பிறகும் அந்தப் பருத்த வளையம் துருத்திக்கொண்டு நிற்பதால், சிஸ்பிளாட்டின் தழும்பை அடையாளம் காணும் சில புரதங்களால் இதைச் சரியாக அடையாளம் காண முடிவதில்லை. சிஸ்பிளாட்டினால் பெரிய பயன் கிடைக்காத பெருங்குடல் புற்றுநோயில், ஃபுளூரோயுராசில், லியூகோவோரின் என்னும் மருந்துகளோடு சேர்ந்து இது நிலையான இடம் பிடித்தது. பிரான்சில் 1996இலும் அமெரிக்காவில் 2002இலும் ஒப்புதல் பெற்றது. இது செல்லைக் கொல்வது டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதால் மட்டுமல்ல, செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோம்களின் உருவாக்கத்தைக் குலைப்பதாலும்தான் என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று வாதிட்டது. அது முழுவதும் சரியென்றால், ஒரே குடும்பம் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிவந்த மூன்றில் ஒன்று வேறு தொழில் செய்துகொண்டிருந்திருக்கிறது.

குறை என்றால், முதலில் நரம்பு. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்கள் கூசும். குளிர்ந்த நீர் தொண்டையில் பட்டால் மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். தொடர்ந்து கொடுக்கும்போது கை கால்களில் மரத்துப்போதல் சேர்ந்துகொண்டே போகும். கையாளும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது: சிஸ்பிளாட்டினைக் காக்கும் அதே உப்புக்கரைசல் இதைக் கெடுக்கும். குளோரைடு ஆக்சலேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கரைக்க வேண்டும். ஒரே குடும்பத்து மருந்துகளில் ஒன்றுக்கு அரணாக இருப்பது மற்றொன்றுக்குப் பகையாக இருப்பது, பெயர்களும் ஒன்றுபோல் ஒலிக்கும் நிலையில், எனக்கு எப்போதும் கலக்கம் தருவது.

இந்த மூன்றுக்கும் பிறகு அலமாரிக்கு வர முயன்றவை பல. டைட்டானியத்தைக் கொண்ட புடோடிடேன், டைட்டனோசீன் டைகுளோரைடு ஆகியவை நீரைக் கண்டதும் உருமாறிவிடும் குணத்தால் மருந்து வடிவத்துக்குள் அடங்கவில்லை. இத்தாலியின் டிரியெஸ்தே நகரில் பிறந்த நாமி-ஏ என்ற ருத்தேனியச் சேர்மம், செல்களை நேரடியாகக் கொல்லாமல் எலிகளில் நோய் பரவுவதைத் தடுத்து வியப்பூட்டியது; மனிதர்களில் கொப்புளங்களைத் தந்தது, போதிய பலனைத் தரவில்லை. விழுங்கக்கூடிய பிளாட்டினமாகப் பேசப்பட்ட சாட்ராபிளாட்டின், நோய் முற்றுவதைத் தள்ளிப்போட்டும் ஆயுளை நீட்டவில்லை என்பதால் நின்றுவிட்டது. பல்லேடியத்தின் கதை மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. தனிம அட்டவணையில் பிளாட்டினத்துக்கு நேர் மேலே அமர்ந்திருக்கும் இந்த உலோகம் அதே வடிவச் சேர்மங்களை உருவாக்கும். ஆனால் ஈனிகளை, அதாவது தன்னைச் சுற்றிப் பிணைந்திருப்பவற்றை, ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேகமாகக் கைவிடும், ஆகவே இலக்கை அடையும் முன்பே எல்லாவற்றையும் இழந்துவிடும். அதே பல்லேடியத்தைப் பச்சையம் போன்ற பெருவளையத்தின் நடுவில், எதையும் கைவிட முடியாதபடி பூட்டி, ஒளி பட்டால் மட்டும் செயல்படுமாறு அமைத்த படெலிபோர்ஃபின், 2017இல் ஐரோப்பாவில் தொடக்கநிலை புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. உலோகத்தின் பலவீனத்தை எதிர்த்துப் போராடாமல் அதைச் சுற்றிச் சென்ற வடிவமைப்பு என்ற வகையில், அண்மைக் காலத்தில் நான் பார்த்தவற்றில் இதுவே மிக நேர்த்தியானது.

இவற்றில் ஒன்றை வாங்கி ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள நினைக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு, என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் தயாரித்த ஓர் அணைவுச் சேர்மம் நீரில் கரையவில்லை; ஆகவே டைமெதில் சல்ஃபாக்சைடில் கரைத்தோம். ஒப்பீடு நியாயமாக இருக்கட்டும் என்று சிஸ்பிளாட்டினையும் அதிலேயே கரைத்தோம். எங்கள் சேர்மம் சிஸ்பிளாட்டினைப் பல மடங்கு மிஞ்சியது. சில வாரங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம். பிறகுதான் உறைத்தது: அந்தக் கரைப்பானில் இருப்பது கந்தகம். அது குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தில் ஏறி உட்கார்ந்து, மருந்தைக் கரைசலிலேயே செயலிழக்கச் செய்திருந்தது. நாங்கள் வென்றது சிஸ்பிளாட்டினை அல்ல, அதன் சடலத்தை. உப்புக்கரைசலில் புதிதாகக் கரைத்து மீண்டும் அளந்தபோது எங்கள் சேர்மம் மிகச் சாதாரணமான ஒன்றாக இருந்தது. இதே தவறைச் செய்த கட்டுரைகள் ஏராளம் என்று பின்னர் படித்தபோது ஆறுதலும் பயமும் ஒருங்கே வந்தன.

தீர்ப்பைக் கேட்பவர்களுக்கு: மிகக் கச்சிதமான வடிவமைப்பு கார்போபிளாட்டின்; மிகத் துணிச்சலானது ஆக்சாலிபிளாட்டின்; ஆனால் மேசையில் எது இருக்க வேண்டும் என்றால் நான் சிஸ்பிளாட்டினையே எடுப்பேன். அது எவ்வளவு விரைவில் மாறும், எதனோடு வினைபுரியும், எங்கே தவறும் என்பதெல்லாம் மற்ற இரண்டைவிட நுணுக்கமாக அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. இப்போது எங்கள் ஆய்வகத்தில் அதை அன்றன்று உப்புக்கரைசலில் கரைத்து, கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதி வைக்கிறோம். அந்த நேரம் எழுதப்படாத குப்பியிலிருந்து வந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அட்டவணையில் ஏறுவதில்லை.